மைனஸ் நூற்றுப் பத்து

இன்னும் ஐம்பத்தெட்டு நிமிஷம், அதுவரை திரை நீலமாகிச் சாகாமல் இருந்தால் மைனஸ் நூற்றுப் பத்து மில்லிவோல்ட் நிலைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம், நிலைத்துவிட்டால் அப்புறம் இதில் கை வைக்க வேண்டாம், கும்பகோணத்துக்காரரின் வீட்டுப் பட வேலையைப் பார்க்கலாம் என்று சிகாமணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானம் இரண்டு மணி தாண்டிப் பத்து நிமிஷம். திருவல்லிக்கேணியில் பழைய மேன்ஷன் ஒன்றின் மூன்றாவது மாடி, முப்பத்தொன்றாம் நம்பர் அறை. கட்டில் போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன் மேல் லேப்டாப், லேப்டாப்பின் நாலு மூலைக்கும் அடியில் காற்றுப் போவதற்காக நாலு தண்ணீர் பாட்டில் மூடிகள். சோதனை மென்பொருள் பிராசஸரைப் போட்டு வறுத்தெடுத்துக்கொண்டிருந்தது. எழுபத்தாறு டிகிரி. எழுபத்தேழு. மறுபடி எழுபத்தாறு. உள்ளே இருக்கும் குட்டி விசிறி ஓடுகிறதா இல்லையா என்று காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் தெரிகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே வேலைக்குத் தொண்ணூற்றேழு டிகிரி, விசிறி போட்ட கூச்சலில் தெருவில் போகிறவன் அண்ணாந்து பார்த்திருப்பான். ஜெயித்துவிட்டாய் மணி, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மனசுக்குள்தான் சொன்னான். வாயால் சொன்னாலும் கேட்க ஆளில்லை, ஆனால் தனியாகப் பேசுகிற ஆளாக மட்டும் ஆகிவிடக் கூடாது என்று அவனுக்கு ஒரு வைராக்கியம். பக்கத்து அறைக்குக் கேட்டுத் தொலைத்தால் என்ன நினைப்பார்? சுவரைப் பார்த்தான். சுவர் சும்மா இருந்தது. இன்றோடு நாலு நாளாகச் சும்மாதான் இருக்கிறது.

சுவர் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. எந்தக் காலத்திலோ ஒரே அறையாக இருந்ததை நடுவில் ஒற்றைச் செங்கல் வரிசை வைத்து முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று இரண்டாக்கியிருந்தார்கள், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆயுசு நூறு என்று சொல்லலாம், சொல்ல மனசிருந்தால். முப்பத்திரண்டுக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருவர் வந்தார். ராத்திரி வேலை போலிருக்கிறது, காலையில் ஏழரைக்கு வந்து கதவைச் சாத்துவார், சாயங்காலம்தான் திறக்கும். சிகாமணி அவரை நேராகப் பார்த்ததில்லை, பொதுக் குளியலறையில் இருந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போகும் முதுகை இரண்டு தடவை பார்த்திருக்கிறான், வாசலில் கிடக்கும் நீலப் பட்டை ரப்பர் செருப்பைத் தினமும் பார்க்கிறான். அவர் வந்த ஒரு வாரத்தில், இதே மாதிரி ஒரு மத்தியானம், சேலத்தில் யாரோ கட்டப்போகும் வீட்டின் முன்தோற்றப் படத்தை லேப்டாப் முக்கி முக்கிப் பெற்றுக்கொண்டிருந்தது. அதுதான் சிகாமணியின் தொழில், கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி வண்ணப் படமாகப் போட்டுத் தருவது, தூண், பால்கனி, வாசலில் கார், ஓரத்தில் இரண்டு தென்னை, இன்ஜினியர்கள் வாட்ஸாப்பில் அளவு அனுப்புவார்கள், இவன் வாட்ஸாப்பில் வீடு அனுப்புவான். ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம் பிராசஸர் கொதிக்கும், விசிறி அலறும். அலறிக்கொண்டிருக்கும்போது சுவரில் டொக் டொக் என்று இரண்டு தட்டு. சிகாமணி லேப்டாப்பைப் படாரென்று மூடிவிட்டான், பரீட்சையில் பிட்டோடு மாட்டிக்கொண்டவன் மாதிரி. பிறகு சுவரைப் பார்த்து, "சாரி சார்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான் என்பது சாயங்காலம் மெஸ்ஸில் தோசைக்குக் காத்திருக்கும்போதுதான் உறைத்தது.

எழுபத்தேழு டிகிரி, ஐம்பத்தொரு நிமிஷம். அந்தத் தட்டுக்காகத்தான் இவ்வளவும். இணையத்தில் ஏதோ ஒரு மன்றத்தில், பெயர் தெரியாத யாரோ எழுதி வைத்ததைப் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டான். தொழிற்சாலையில் எல்லா பிராசஸருக்கும் எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே மின்னழுத்தம் வைத்து அனுப்புகிறார்களாம், ஒன்று வலுவாக இருக்கும், ஒன்று சவலையாக இருக்கும், ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்க்க யாருக்கு நேரம், ஆகவே சவலைக்குத் தேவையானதை எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடுவது. அந்தக் கூடுதல்தான் வீண் சூடு, அந்தச் சூட்டை விரட்டத்தான் விசிறியின் கத்தல். பத்துப் பத்து மில்லிவோல்ட்டாகக் குறைக்க வேண்டும். குறைத்துவிட்டு ஒரு மணி நேரம் வறுக்க வேண்டும். சாகவில்லையென்றால் இன்னும் பத்து. வேகம் குறையாது, வேலை குறையாது, சத்தமும் சூடும் மட்டும் குறையும். மைனஸ் முப்பது, மைனஸ் நாற்பது, எண்பது வரைக்கும் அது ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியதைப் பார்த்தபோது சிகாமணிக்கு முதலில் சந்தோஷமாகவும் பிறகு என்னவோ போலவும் இருந்தது. இவ்வளவு குறைத்தும் ஏன் இது கேட்கவே மாட்டேன் என்கிறது? எங்கே எனக்குப் போட்டது என்று ஒரு வார்த்தை? நூற்று இருபதுக்கு இழுத்தபோதுதான் கேட்டது, எச்சரிக்கை எதுவும் இல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே, திரை நீலமாகி விழுந்தது. அதற்கு முந்தின நொடிவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இதில் பயம், கொஞ்சம் கொஞ்சமாக முடியாமல் போவது என்பது இல்லை, முடியும் முடியும் முடியும் என்று இருந்துவிட்டு ஒரேயடியாக முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் நடந்ததை நினைக்கக் கூடாது என்று இருந்தான், நினைத்துவிட்டான். சனிக்கிழமை முழுக்கப் பேசவில்லை, வெள்ளிக்கிழமை யாரிடமாவது பேசினோமா என்று யோசித்தால் தண்ணீர் கேன் போடுகிறவரிடம் தலையை ஆட்டியது மட்டும் ஞாபகம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஸ்ஸில் உட்கார்ந்தான், சப்ளையர் வந்து நின்றார், இவன் "ரெண்டு இட்லி" என்று வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி திறந்தான், மறுபடியும் காற்று. சப்ளையர் இவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, "வழக்கம்போல ரெண்டு இட்லி ஒரு வடைதானே சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷர், உதவிதான் செய்தார், ஆனால் சிகாமணி அந்த வடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டான். நாற்பத்து நாலு வயசு. ஆபீஸ் என்று ஒன்று இருந்தது, தேனாம்பேட்டையில், ஆறு பேர், மத்தியானம் டப்பாவைத் திறந்தால் ஆறு கை உள்ளே வரும், தொற்றுநோய்க் காலத்தில் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றார்கள், வாடகை மிச்சம் என்று முதலாளி கண்டுபிடித்ததும் அதையே நிரந்தரமாக்கிவிட்டார். வீட்டிலிருந்து என்று சொன்னபோது யாருமே எந்த வீடு என்று கேட்கவில்லை. ஆறு பேரும் ஒரு குரூப்பில் இருக்கிறார்கள், பொங்கலுக்குக் கரும்புப் படம் வரும், இவனும் கரும்புப் படம் போடுவான்.

வடிவு அக்கா இருக்கிறாள், இல்லையென்று சொல்லக் கூடாது, அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள், அவளுக்கும் மாமனார் படுக்கையில், பேரப்பிள்ளை மடியில், ஆயிரம் வேலை. முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசுவார்கள். "ஏல மணி, என்னல அது சத்தம், மிக்ஸியப் போட்டுட்டு எங்கிட்டப் பேசுதியாக்கும்" என்று கேட்பாள். "விசிறிக்கா" என்பான். "என்ன விசிறியோ, நீ சொல்லுதது ஒண்ணும் விளங்கல, பொறவு கூப்பிடுதேன்" என்று வைத்துவிடுவாள். பிறகு என்பது ஞாயிறிலிருந்து மாதம் ஆகி, மாதத்திலிருந்து நல்ல நாள் பெரிய நாள் என்று ஆகிவிட்டது. அதையும் இவன்தான் பத்துப் பத்தாகக் குறைத்தானோ? ஒரு ஞாயிறு தலைவலி என்றான், ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஞாயிறு வேலை என்றான், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அவளும் சடைத்துக்கொள்ளவில்லை. இப்போதுதான் சத்தமில்லையே, கூப்பிட்டால் என்ன என்று திங்கட்கிழமை நினைத்தான், கூப்பிட்டு, அக்கா இப்போது கேட்கிறதா என்று கேட்டு, கேட்கிறது சொல் என்று அவள் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன சொல்வது என்று தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். எழுபத்தாறு டிகிரி. முப்பத்தெட்டு நிமிஷம்.

ஆக, மிச்சம் இருந்தது அந்தச் சுவர்தான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், மத்தியானத்துத் தட்டுக்கு அவன் காத்திருக்கத் தொடங்கியிருந்தான். இரண்டு தட்டு என்றால், என்னய்யா இது, தூங்க விடமாட்டாயா, என்று அர்த்தம். சில நாள் ஒற்றைத் தட்டு வரும், அது பெரும்பாலும் விசிறி அடங்கின பிறகு வரும், அதற்கு நன்றி என்று அர்த்தம் என்று முடிவு பண்ணியிருந்தான். ஒருநாள் லேப்டாப் அணைந்தே கிடந்தபோது மூன்று தட்டு வந்தது, அதற்கு மட்டும் அர்த்தம் பிடிபடாமல் ரொம்ப நேரம் யோசித்து, இன்றைக்கு வேலை இல்லையா என்று கேட்கிறார், என்று வைத்துக்கொண்டான். கேட்டது பிடித்திருந்தது. மெஸ்ஸில் சாப்பிடும்போது, மனுஷர் கோபக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை, வேறு யாராவது என்றால் மேனேஜரிடம் புகார் பண்ணியிருப்பார்கள், இவர் நம்மோடு வைத்துக்கொள்கிறார், என்று நினைத்துக்கொள்வான். நம்மோடு. அந்த வார்த்தையை நினைத்தபோது உள்ளே கதகதவென்று இருந்தது. அவருக்காகத்தான் மைனஸ் பத்து, அவருக்காகத்தான் மைனஸ் இருபது, ஒவ்வொரு படி இறங்கும்போதும் அந்தப் பக்கம் ஒருவர் இன்னும் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குகிறார் என்கிற நினைப்பு, ஒருவருக்கு நல்லது செய்து எத்தனை நாளாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை நூறைத் தொட்டான். திங்கட்கிழமை மத்தியானம் ஒரு திருச்சி வீட்டைக் கொதிக்க வைத்தான், சத்தமே இல்லை, தட்டும் இல்லை. செவ்வாய் இல்லை. புதன் இல்லை. இன்றைக்கு வியாழன்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே, இதற்காகத்தானே மூன்று வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டாய், என்று தன்னையே அதட்டினான். சந்தோஷம் வரவில்லை. ஒற்றைத் தட்டாவது தட்டியிருக்கலாம். நன்றி என்று ஒன்று. நாலு நாளாகப் பக்கத்து அறைக்காரன் அமைதியாகிவிட்டானே, உயிரோடு இருக்கிறானா என்றுகூட ஒருவருக்குத் தோன்றாதா? இப்படி நினைத்ததும் அந்த நினைப்பு அப்படியே திரும்பி நின்றது, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ, கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உள்ளே விழுந்து கிடக்கிறாரோ. இல்லை, காலையில் செருப்பு இருந்தது. செருப்பு இருந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம், ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தமா? ஏழரைக்குக் கதவுச் சத்தம் கேட்டதே. கேட்டதா, அல்லது தினமும் கேட்பதால் இன்றைக்கும் கேட்ட மாதிரி இருக்கிறதா? சுவரில் காதை வைத்தான். சுண்ணாம்பின் குளிர்ச்சி கன்னத்தில் இதமாக இருந்தது, மனுஷக் கன்னமாக இருந்தாலும் இவ்வளவு நேரம்தான் வைத்திருக்க முடியும் என்று ஒரு கிறுக்குத்தனமான எண்ணம் வந்தது. ஒன்றும் கேட்கவில்லை. இந்த லேப்டாப்பாவது கத்தித் தொலைத்தால் தேவலை. முன்பு அறைக்குள் ஒன்று கத்திக்கொண்டே இருந்தது, இப்போது அதுவும் இல்லாமல் தன் மூச்சு தனக்கே கேட்கிறது. அவனுக்குத் தனிமையாக இருந்தது. ரொம்ப நாளாகவே தனியாகத்தான் இருந்திருக்கிறான், சத்தம் அடங்கின பிறகுதான் அது காதில் விழுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இருபத்தாறு நிமிஷம் பாக்கி இருக்கும்போது சோதனையை நிறுத்தினான். கை தானாகவே போயிற்று என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம், ஆனால் தெரிந்துதான் செய்தான். திரையில் மில்லிவோல்ட்டைக் குறைக்கும் பட்டையைப் பிடித்து நூற்றுப் பத்திலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுபோனான், மூன்று வார உழைப்பு, ஒரே இழுப்பு. நாலு பாட்டில் மூடிகளையும் உருவி எடுத்தான். கும்பகோணத்துக்காரரின் வீட்டைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய அளவில் படம் போடச் சொல்லிப் பொத்தானை அழுத்தினான். எண்பத்திரண்டு, எண்பத்தெட்டு, தொண்ணூற்று மூன்று. விசிறி முதலில் முனகியது, பிறகு எழுந்தது, பிறகு அறை முழுக்க அதன் கத்தலாக ஆயிற்று. சிகாமணி மடியில் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். தட்டுங்கள் சார். தொண்ணூற்றாறு. திட்டுவதென்றாலும் திட்டுங்கள். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து ஆயிற்று. திரையில் கும்பகோணத்து வீட்டின் மொட்டை மாடி வந்தது, பால்கனி வந்தது, பால்கனியில் இவன் எல்லா வீட்டிலும் வைக்கும் பிரம்பு நாற்காலிகள் இரண்டும் வந்தன. சுவர் அசையவில்லை. எழுந்து சட்டையை மாட்டினான், பொத்தான் ஒன்று மாறிப்போயிற்று, கழற்றித் திரும்பப் போட்டான், கதவைத் திறந்து வராந்தாவில் இரண்டு எட்டு வைத்தான். நீலப் பட்டைச் செருப்பு கிடந்தது. மூன்று மாதத்தில் இந்தக் கதவுக்கு முன்னால் நிற்பது இதுதான் முதல் தடவை. தட்டினான்.

யாரும் வரவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் சிகாமணி போலீஸ், ஆம்புலன்ஸ், இவருடைய ஊர் எது, யாருக்குச் சொல்லி அனுப்புவது, பெயர்கூடத் தெரியாதே என்று என்னென்னவோ நினைத்துவிட்டான். மறுபடி பலமாகத் தட்டினான். உள்ளே தாழ்ப்பாள் விலகியது. முப்பது முப்பத்திரண்டு வயசு, இவன் நினைத்து வைத்திருந்ததைவிட ரொம்பச் சின்னப் பையன், லுங்கி, பனியன், ஒரு கன்னத்தில் தலையணைச் சுருக்கத்தின் கோடு. கண்ணைத் திறக்க முடியாமல் திறந்து பார்த்தான்.

"சொல்லுங்க சார்."

சிகாமணி வாயைத் திறந்தான். காற்று வந்தது. செருமினான். "நான் பக்கத்து ரூம். முப்பத்தொண்ணு."

"தெரியும் சார். வீடு டிராயிங் போடுவீங்க, மேனேஜர் பாய் சொல்லியிருக்காரு. என் பேரு ஜெயசீலன். ஆஸ்பத்திரியில நைட் டூட்டி. என்ன சார், உடம்பு கிடம்பு சரியில்லையா? ஒரு மாதிரி இருக்கீங்க."

"இல்ல. லேப்டாப் சத்தம். உங்களுக்குத் தூக்கம் கெடுதேன்னு குறைச்சு வச்சிருந்தேன். இன்னைக்கு மறுபடி கூடிப்போச்சு. அதான், கேக்குதான்னு."

ஜெயசீலன் தலையைச் சாய்த்துக் கேட்டான். முப்பத்தொன்றின் திறந்த கதவு வழியாக விசிறி அலறிக்கொண்டிருந்தது. "இதுவா? யாரோ மாவு அரைக்கறாங்கன்னுல்ல நினைச்சேன். எனக்கு இதெல்லாம் ஒரு சத்தமே இல்ல சார். அலுத்துப் போய் வந்து விழுறேன், இடி விழுந்தாலும் தெரியாது."

"நீங்க தட்டுவீங்களே," என்றான் சிகாமணி. "சுவத்துல. மத்தியானத்துல."

"நானா? நான் எதுக்கு சார் உங்க சுவத்தத் தட்டப் போறேன்?" என்றவன் ஏதோ தோன்றித் திரும்பித் தன் அறைக்குள் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயய்யோ. அது கட்டில் சார். ஒரு கால் குட்டை, நான் புரண்டு படுத்தேன்னா ஆடிப் போய் சுவத்துல முட்டும். ஞாயித்துக்கிழமைதான் ஒரு கல்லைக் கொண்டாந்து அடியில வச்சேன், இப்ப அசையறதே இல்ல. இத்தனை நாளும் உங்களைத் தொந்தரவு பண்ணிட்டிருந்தேனா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார்? சுவத்துல ஒரு தட்டு தட்டியிருந்தாக்கூடப் போதுமே."

கட்டில். சிகாமணி அவன் தோளைத் தாண்டி உள்ளே பார்த்தான், பச்சைப் பெயின்ட் உரிந்த இரும்புக் கட்டில், இவன் கட்டிலுக்கு உடன்பிறப்பு, சுவரை ஒட்டிச் சாதுவாக நின்றது. புரண்டால் இரண்டு தட்டு. அரைகுறையாகப் புரண்டால் ஒன்று. மூன்று தட்டு வந்த அன்றைக்கு ரொம்பப் புழுக்கமாக இருந்திருக்கும், வேறொன்றுமில்லை. இன்றைக்கு வேலை இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. அவன் முகத்துக்குச் சூடு ஏறியது, எத்தனை டிகிரியோ, சிரித்துவிட வேண்டும், இதில் சிரிக்கத்தான் வேண்டும், ஒரு கட்டில் காலுக்காகவா மூன்று வாரம், நூற்றுப் பத்து மில்லிவோல்ட், இதைச் சொன்னால் இந்தப் பையனும் சிரிப்பான், நல்ல பையனாகத்தான் தெரிகிறான், இருவருமாகச் சிரித்துவிட்டு, பரவாயில்லை தம்பி, நீ தூங்கு என்று சொல்லிவிட்டுத் திரும்பி இரண்டு எட்டு வைத்தால் அறை, அறைக்குள் ஸ்டூல், ஸ்டூல் மேல் கும்பகோணம். பரவாயில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். இந்தத் தடவை காற்று வரவில்லை, குரல் வந்தது, வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது.

"அந்தக் கல்லை எடுத்துருங்க."

"எதை சார்?"

"கட்டிலுக்கு அடியில வச்சீங்களே, அந்தக் கல்லை," என்றான் சிகாமணி. "எடுத்துருங்க தம்பி."